தூக்கணாங்குருவியின் கூடும் குடும்பமும்

பறவைகளின் வாழ்க்கையில் இனப்பெருக்கக் காலம் தனிச் சிறப்புடையது. ஆண்டின் ஏனைய நாட்களில் இரை தேடுவதும் பகைக்குத் தப்புவதுமே பெருந்தொழிலாக இருக்க, இச்சில மாதங்களில் மட்டும் அவை நிறம் மாறுகின்றன, குரல் மாறுகின்றன, கூடு கட்டுகின்றன, துணையைத் தேர்ந்துகொள்கின்றன. இவ்வொழுக்கம் எல்லாப் பறவைகளிடத்தும் ஒரே வகையாக அமைந்ததன்று. சாரசக் கொக்கு ஒரே துணையுடன் பல்லாண்டு கூடி வாழ்ந்து, ஆணும் பெண்ணும் மாறி மாறி அடைகாக்கும். இருவாட்சியின் பெண் மரப்பொந்தினுள் புகுந்து வாயிலை அடைத்துக்கொள்ள, ஆண் சிறு துளை வழியே வாரக்கணக்கில் இரையூட்டும். மயிலின் ஆணோ தோகை விரித்தாடுவதோடு தன் கடமையை முடித்துக்கொள்ளும். அடைகாப்பதும் குஞ்சுகளைப் பேணுவதும் பெண்ணின் பொறுப்பாகும். நீளவால் இலைக்கோழியில் இம்முறை முற்றிலும் தலைகீழாகும். அங்குப் பெண் பல ஆண்களுக்கு முட்டையிட்டுக் கொடுக்க, ஆணே அடைகாத்துக் குஞ்சுகளை வளர்க்கிறது.

இவ்வேறுபாடுகளுக்குக் காரணம் யாது? ஓரிடத்தில் உணவு எவ்வாறு கிடைக்கிறது, கூட்டுக்கு இடர் எங்கிருந்து வருகிறது, குஞ்சை வளர்க்க ஒரு பறவையின் உழைப்பே போதுமா, இருவர் உழைப்பு வேண்டுமா என்னும் வினாக்களின் விடையிலேயே அக்காரணம் அடங்கியுள்ளது. இதனைத் தெளிவாக விளக்குதற்கு நம் நாட்டின் பெரும்பகுதியிலும் எளிதிற் காணத்தக்க ஒரு சிறு பறவையை எடுத்துக்கொள்வது நலம். அதுவே தூக்கணாங்குருவி. இதன் கூட்டை அறியாத மாணவர் கிராமப்புறத்தில் அரியர். ஆயினும் அக்கூட்டைக் கட்டுவது எது, அதில் வாழ்வது எது, ஒரு மரத்தில் தொங்கும் கூடுகளின் தொகை எதனைக் குறிக்கிறது என்பவற்றைப் பிழையாக உணர்ந்திருப்போர் பலர்.

பறவையும் அதன் இனமும்

தூக்கணாங்குருவி ஏறத்தாழ 15 சென்டிமீட்டர் நீளமுள்ளது, ஊர்க்குருவியின் அளவினது. விஞ்ஞான மொழியில் இதன் பெயர் புளோசியஸ் பிலிப்பினஸ் என்பதாகும். 1766ஆம் ஆண்டில் லின்னேயஸ் இப்பெயரை இட்டார். பெயரில் பிலிப்பைன்ஸ் நாடு குறிக்கப்பெறினும், அந்நாடு இப்பறவையின் இயற்கைத் தாயகமன்று. நெசவுக்குருவிக் குடும்பத்தின் மிகப்பல இனங்கள் ஆப்பிரிக்காவில் வாழ்வன. இந்தியாவில் நான்கு இனங்களே உள்ளன. அவற்றுள் தூக்கணாங்குருவியே மிகப் பரவலானது.

இந்தியில் இது பயா என்றும், வங்காளியில் பாபுய் என்றும், மராத்தியில் சுகரண் என்றும் வழங்கப்பெறும். சுகரண் என்பதற்கு இல்லத்தைத் திறம்பட நடத்தும் கைத்திறம் மிக்க பெண் என்பது பொருள். கூட்டின் அழகைக் கண்ட மக்கள் அதனைப் பெண்ணின் கைவண்ணம் எனக் கருதியது இயல்பே. ஆனால் உண்மை வேறு. கூட்டை நெய்வது ஏறக்குறைய முழுவதும் ஆண் பறவையே.

இனப்பெருக்கம் இல்லாத மாதங்களில் ஆணும் பெண்ணும் ஒரே தோற்றமுடையன. பெண் ஊர்க்குருவியைப் போன்ற மங்கிய பழுப்பு நிறத்தன. பகற்பொழுது நீளவும், மழைக்காலம் நெருங்கவும், மூளையடிச் சுரப்பியின் தூண்டுதலால் இனப்பெருக்க உறுப்புக்கள் வளர்ச்சியுறுகின்றன. அப்போது ஆணின் உச்சந்தலை பளிச்சென்ற மஞ்சள் நிறம் பெறும்; முகமும் தொண்டையும் கரும்பழுப்பாகும்; அலகு கருக்கும். பெண்ணின் நிறத்தில் இத்தகைய மாற்றம் இல்லை. ஆகவே ஆணையும் பெண்ணையும் பிரித்தறிந்து கணக்கிடுதற்கு ஏற்ற காலம் இதுவேயாகும்.

கூடு உருவாகும் முறை

மழை பெய்து புல்லும் நெற்பயிரும் உயர்ந்து வளர்ந்த பின்னரே கூடு கட்டுதல் தொடங்கும். இதற்குக் காரணம் எளிது. காய்ந்த நார் ஒடியும். பசுநாரே வளையும், முடிச்சிடவும் இசையும். ஆண் பறவை நீண்ட புல்லிலையின் அடியில் அமர்ந்து, அதன் ஓரத்தில் அலகினால் ஒரு வெட்டு இடும்; பின்னர் அவ்வெட்டின் மேற்பகுதியைக் கவ்விக்கொண்டு பறக்கும். இலை நீளவாக்கில் கிழிந்து மெல்லிய நாராக வந்துவிடும். பனை, தென்னை, ஈச்சை ஆகியவற்றின் ஓலையையும் இவ்வாறே கிழிக்கும். நாரின் நீளம் 20 முதல் 60 சென்டிமீட்டர் வரை இருக்கும். ஒரு கூட்டை முடிப்பதற்கு ஏறத்தாழ 500 முறை பறந்து சென்று வருதலும் உண்டு. அண்டையிலுள்ள கூட்டிலிருந்து நாரைத் திருடி வரும் வழக்கமும் இப்பறவைகளிடம் காணப்படுகிறது.

கூட்டிற்கு இடமாவது பனை, ஈச்சை, தென்னை ஆகியவற்றின் தொங்கும் ஓலை நுனி. அல்லது முள்ளடர்ந்த கருவேலின் கிளை நுனி. கிணற்றின் மேலும் குளத்தின் மேலும் தாழ்ந்த கிளைகள் பெரிதும் விரும்பப்படுகின்றன. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் இடங்களில் மரத்தின் கிழக்குப் பக்கத்திலேயே பெரும்பாலான கூடுகள் அமைந்திருத்தலைக் காணலாம். பருவக்காற்றின் நேர்த்தாக்குதலுக்கு மரமே அரணாகிறது.

கட்டுமானத்தின் படிகளை நான்காகப் பகுத்துக்கொள்ளலாம்.

முதற்படியில், ஓலை நுனியிலோ குச்சியிலோ நார்களைச் சுற்றி இறுக்கி ஒரு கட்டுத் தும்பு அமைக்கப்படும்.

இரண்டாம் படியில், அத்தும்பிலிருந்து ஒரு வளையம் தொங்கும். ஆண் அவ்வளையத்தில் அமர்ந்துகொண்டே அலகு எட்டும் தொலைவு வரை நெய்யும். கூட்டின் அளவை வரையறுக்கும் அளவுகோல் அப்பறவையின் உடலேயாகும்.

மூன்றாம் படியில், வளையத்தின் ஒரு பக்கம் முட்டையறையின் கூரையும் சுவரும், மறுபக்கம் நுழைவாயிலின் கூரையும் உருவாகும். இவ்விரண்டையும் பிரிக்கும் கீழ்க்குறுக்குக் கட்டு, தலைக்கவசத்தின் தாடைவார் போலத் தோன்றும். ஆகவே இதனைத் தலைக்கவச நிலை என்பர். ஏறத்தாழ எட்டு நாட்களில் கூடு இந்நிலையை எய்தும்.

நான்காம் படியில், முட்டையறையின் அடிப்பகுதி மூடப்பட்டு, மறுபக்கத்தில் கீழ்நோக்கிய நீண்ட நுழைவுக் குழாய் நெய்யப்படும். தொடக்கத்திலிருந்து முடிவு வரை சுமார் 18 நாட்களாகும்.

மூன்றாம் படிக்கும் நான்காம் படிக்கும் இடையே ஒரு நிறுத்தம் உண்டு. இப்பறவையின் குடும்ப வாழ்க்கையை விளங்கிக்கொள்வதற்குரிய திறவுகோல் அந்நிறுத்தமேயாகும்.

பெண்ணின் தேர்வு

கூடுகள் பல தலைக்கவச நிலையை அடைந்திருக்கும் வேளையில் பெண் பறவைகள் கூட்டமாக அங்கு வந்து சேரும். உடனே ஆண்கள் யாவும் தத்தம் கூட்டைப் பற்றித் தொங்கியவாறு சிறகுகளை விரைந்து அடித்துக்கொண்டு ஒருமித்துக் குரலெழுப்பும். மரம் முழுவதும் ஆரவாரமாகும். பெண்ணோ அவசரப்படுவதில்லை. ஒரு கூட்டினுள் புகும், நார்களை அலகினால் இழுத்துப் பார்க்கும், வெளியேறும், வேறொன்றை நாடும். மனத்துக்கு ஒத்த கூட்டில் மீண்டும் மீண்டும் அமர்ந்து, உட்புறத்தைச் சீர்செய்யத் தொடங்குமாயின், அதுவே ஏற்றுக்கொண்டதன் அடையாளம். இதன் பின்னரே அவ்விரண்டும் இணைசேரும். ஆணும் கூட்டின் எஞ்சிய பகுதியை முடித்துக் கொடுக்கும்.

பெண் எதனைக் கண்டு தேர்கிறது? கூட்டின் நெசவுத் திறனையே என்று நெடுங்காலம் கருதப்பட்டது. இந்தியாவில் நிகழ்த்தப்பெற்று 2006இல் வெளிவந்த ஆராய்ச்சி ஒன்று, கூட்டின் அமைப்பைவிட அஃது அமைந்த இடமே பெண்ணின் தேர்வில் மிகுதியான பங்கு பெறுவதைக் காட்டியது. மரத்தில் உயரமாகவும் உறுதியான கிளையிலும் அமைந்த கூடுகள் விரும்பப்பட்டன. எனவே நல்ல நெசவாளியாயிருத்தல் மட்டும் ஆணுக்குப் போதாது. நல்ல மனையைத் தெரிந்தெடுக்கும் ஆற்றலும் அதற்கு வேண்டும்.

எந்தப் பெண்ணாலும் ஏற்கப்படாத கூடு அரைகுறையாகவே கைவிடப்படும். அந்த ஆண் வேறொரு தும்பு கட்டித் தன் வேலையை மீண்டும் தொடங்கும்.

1930ஆம் ஆண்டின் கண்டுபிடிப்பு

ஒரே மரத்தில் முழுக்கூடுகளோடு பல அரைக்கூடுகளும் தொங்குவதைப் பண்டுதொட்டே மக்கள் கண்டுள்ளனர். பெண் அடைகாக்கும்போது ஆண் அமர்ந்து ஊசலாடிப் பாடுதற்காகவே அரைக்கூடுகள் கட்டப்படுகின்றன என்பது பழைய விளக்கம். அஃதாவது, ஓர் ஆண், ஒரு பெண், அவற்றிற்கு ஒரு மனையும் ஓர் ஊஞ்சலும் என்று கருதினர்.

இக்கருத்தை மாற்றியமைத்தவர் பறவையியல் அறிஞர் சாலிம் அலி (1896–1987). ஜெர்மனியில் பயிற்சி பெற்று 1930இல் தாயகம் திரும்பிய அவருக்கு அப்போது வேலையொன்றும் கிடைத்திலது. பம்பாய்க்குத் தெற்கே, அலிபாக்கை அடுத்த கிகிம் என்னும் கடற்கரைச் சிற்றூரில் அவர் தங்கினார். அங்குத் தூக்கணாங்குருவிகளின் குடியிருப்பொன்று இருந்தது. அவ்வாண்டு மழைக்காலத்தில் அதனை அவர் நாள்தோறும் பொறுமையுடன் நோக்கிக் குறித்து வந்தார். அந்நோக்கீட்டின் முடிவு 1931இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் வெளியாயிற்று.

அவர் கண்ட உண்மை இதுவாகும். முதற்பெண் கூட்டை ஏற்று முட்டையிட்டவுடன், ஆண் அக்குடும்பத்தோடு நின்றுவிடுவதில்லை. அருகிலேயே இரண்டாவது கூட்டைத் தொடங்கி, அதனைத் தலைக்கவச நிலைக்குக் கொணர்ந்து, மற்றொரு பெண்ணை அழைக்கும். அதுவும் ஏற்கப்பட்டால் மூன்றாவதைத் தொடங்கும். ஆகவே அரைக்கூடு ஊஞ்சலன்று. அஃது ஒரு பெண்ணின் வருகைக்காகக் காத்திருக்கும் மனை, அல்லது விரும்பப்படாது கைவிடப்பட்ட மனை. இவ்வாறு ஒன்றன்பின் ஒன்றாகப் பல பெண்களுடன் ஓர் ஆண் இணைதலைத் தொடர்நிலைப் பலதார மணம் எனலாம்.

விலையுயர்ந்த கருவி யாதொன்றும் இக்கண்டுபிடிப்புக்குத் தேவைப்படவில்லை என்பது கருதத்தக்கது. ஒரே குடியிருப்பை ஒரு பருவம் முழுவதும் இடைவிடாது நோக்கியமையும், கண்டதை அன்றன்றே எழுதி வைத்தமையுமே அதற்குப் போதியனவாயின. ஒரு கிராமப் பள்ளி ஆசிரியரும் மேற்கொள்ளக்கூடிய முறை இது.

இவ்வொழுக்கத்தின் காரணம்

1964இல் ஜான் குரூக் என்னும் ஆங்கில அறிஞர் நெசவுக்குருவி இனங்கள் பலவற்றை ஒப்புநோக்கி ஒரு பொதுமையைக் கண்டார். காட்டில் பூச்சிகளைத் தேடியுண்ணும் இனங்கள் தனித்தனி இணைகளாக, ஓர் ஆணும் ஒரு பெண்ணுமாக வாழ்கின்றன. திறந்தவெளியில் புல்விதைகளை உண்ணும் இனங்களோ கூட்டமாகக் கூடு கட்டுகின்றன. அவற்றுள் பலதார மணமே மிகுதி. காட்டுப்பூச்சி சிதறிக் கிடப்பது. குஞ்சை வளர்க்க இருவரும் உழைத்தாக வேண்டும். மழைக்காலப் புல்வெளியிலோ விதையும் புழுவும் வெட்டுக்கிளியும் நிரம்பியிருக்கும். பெண் ஒன்றே குஞ்சுகளை ஊட்டி வளர்த்துவிட இயலும். ஆணின் உழைப்பு ஊட்டுவதிலிருந்து விடுபட்டுக் கட்டுவதில் செல்கிறது.

இச்செய்தியை மாணவர்க்கு எடுத்துரைக்கும்போது மனிதரின் நல்லொழுக்கம், தீயொழுக்கம் என்னும் அளவுகோலைப் பறவைமீது சார்த்துதல் கூடாது. இருவாட்சியின் ஆணை உத்தமன் என்றும் தூக்கணாங்குருவியின் ஆணைப் பொறுப்பற்றது என்றும் கூறுதல் விஞ்ஞானமாகாது. இரண்டும் தத்தம் சூழலில் குஞ்சுகள் பிழைத்தற்கு ஏற்ற வழியிலேயே ஒழுகுகின்றன.

கூடு கட்டுதல் இயல்பூக்கமா, பயிற்சியா என்னும் வினாவையும் மாணவர் எழுப்பக்கூடும். ஆப்பிரிக்க நெசவுக்குருவிகளை ஆராய்ந்த கோலியாஸ் தம்பதியர், இளம் ஆண்களின் முதல் முயற்சிகள் ஒழுங்கற்றுத் தளர்ந்திருத்தலையும், பயிற்சி மிகுந்தோறும் நெசவு செம்மையுறுதலையும் காட்டினர். எனவே நெய்யும் உந்துதல் பிறவியிலேயே அமைவது. திறமையோ பழக்கத்தினால் வளர்வது.

முட்டையும் குஞ்சும்

பெண் இரண்டு முதல் நான்கு வெண்ணிற முட்டைகள் இடும். அடைகாத்தல் பெண்ணின் தொழில். 14 முதல் 17 நாட்களில் குஞ்சுகள் வெளிவரும். மேலும் ஏறத்தாழ 17 நாட்களில் கூட்டை விட்டுப் பறக்கும். சில வேளைகளில் ஆணும் இரையூட்டுதல் உண்டு. முதிர்ந்த பறவை தானியமும் புல்விதையும் உண்பதாயினும், குஞ்சுகளுக்குப் புழு பூச்சிகளே பெரிதும் ஊட்டப்படுகின்றன. கதிர் முற்றும் காலத்தில் இவை வயலுக்கு இழைக்கும் சேதத்தை எண்ணிக் கூடுகளை அறுத்தெறியும் உழவர், அதே கூட்டுக்கு அதே வயலின் புழுக்கள் இரையாகச் செல்வதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

கூட்டின் உட்சுவரில் ஆங்காங்கே ஈரமண் அப்பியிருத்தலைக் காணலாம். இரவில் விளக்காகப் பயன்படுமாறு மின்மினிகளை அம்மண்ணில் பதித்து வைக்கிறது என்பது நாடெங்கும் வழங்கும் கதை. இதற்கு ஆதாரமில்லை. பகலில் இயங்கும் இப்பறவைக்கு இரவு விளக்கு வேண்டுவதன்று. காற்றில் கூடு மிகையாக ஆடாதிருக்க எடையாதலும் நெசவை இறுக்குதலும் மண்ணின் பயன்களாகக் கூறப்பட்டுள்ளன.

தொங்கும் கூடும் குழாய்வாயிலும் பகையைக் குறைக்கின்றனவேயன்றி முற்றும் ஒழிப்பதில்லை. காகம், பாம்பு, எலி, ஓணான் ஆகியவை முட்டையையும் குஞ்சையும் கவர்கின்றன. பருவம் முடிந்த பின் கைவிடப்பட்ட கூட்டில் வெண்தொண்டைச் சில்லை குடியேறி முட்டையிடுதலும் உண்டு.

கணக்கெடுப்பில் நேரும் பிழை

களப்பணியாளர் பலர், மரத்திலுள்ள கூடுகளை எண்ணி, அத்தொகையையே இணைகளின் தொகையாகப் பதிவு செய்கின்றனர். மேலே கூறியவற்றிலிருந்து இது பிழையென்பது விளங்கும். ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். ஒரு பனையில் 24 கூடுகள் உள்ளன என்று கொள்வோம். அவற்றுள் 4 வளைய நிலையிலும், 9 தலைக்கவச நிலையிலும், 11 குழாயுடன் முழுமையாகவும் இருக்கின்றன. முழுக்கூடுகள் பதினொன்றில் மூன்று பழுப்பேறிப் போன சென்ற ஆண்டின் கூடுகள். எஞ்சிய எட்டில் ஆறில் மட்டுமே பெண் சென்று வருகிறது. மரத்தில் கட்டும் ஆண்களோ ஐந்து. ஆகவே இங்கு அன்றைய நாளில் குடும்பங்கள் ஆறு, ஆண்கள் ஐந்து. 24 இணைகள் என்று எழுதுவோர் உண்மையை நான்கு மடங்காகப் பெருக்கிவிடுகின்றனர்.

இப்பிழை ஏட்டளவில் நிற்பதன்று. பழங்கூடுகள் மரத்தில் நெடுநாள் தங்குபவை. பறவைகள் குறைந்துகொண்டே வரும் இடத்திலும் கூடுகளின் தொகை நிறைவாகத் தோன்றும். குறைவு தெரிய வரும்போது காலம் கடந்திருக்கும். தூக்கணாங்குருவியின் நெருங்கிய உறவினமான மஞ்சள் நெசவுக்குருவி இதற்கு ஓர் எச்சரிக்கை. நைனிதாலை அடுத்த காலாதுங்கியிலிருந்து 1869இல் ஹியூம் என்பவரால் விஞ்ஞான உலகிற்கு அறிவிக்கப்பெற்ற இவ்வினம், இமயத்தின் அடிவாரப் புல்வெளிகளிலும் அஸ்ஸாமிலும் மிகச் சில இடங்களில் மட்டுமே இன்று எஞ்சியுள்ளது. 2021இல் உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் இதனை அழிவை எதிர்நோக்கும் இனமாக அறிவித்தது. பரவலாக உள்ள இனத்தைச் சரிவர எண்ணப் பழகினாலன்றி, அரிய இனத்தை எண்ணுதல் இயலாது.

ஆதலின் பதிவேட்டில் பின்வருவனவற்றைத் தனித்தனியே குறித்தல் வேண்டும்: நாள், நேரம், முந்திய வாரத்தின் மழை, மரத்தின் வகை, கூடுகள் அமைந்த திசை, நான்கு நிலைகளிலும் உள்ள கூடுகளின் தொகை, பசுங்கூடு எத்தனை, பழுப்புக்கூடு எத்தனை, மஞ்சள் உச்சியுடைய ஆண்களின் தொகை, பெண் சென்று வரும் கூடுகள், இரையுடன் பெண் நுழையும் கூடுகள். காலையில் ஒரு மணி நேரம் ஒரே இடத்தில் அமர்ந்து, வாரம் ஒருமுறையேனும் பருவம் முடியும் வரை நோக்குதல் நலம். மழை தொடங்கும் காலம் இடத்துக்கு இடம் வேறுபடுதலின், நோக்கீட்டைத் தொடங்கும் நாளை அவ்வவ்விடத்தின் மழையைக் கொண்டே வரையறுக்க வேண்டும்.

பள்ளிக்குக் கூடு கொணர்தல்

பள்ளிப் பொருட்காட்சிக்கென மாணவரைக் கொண்டு கூடுகளை அறுத்து வரச் செய்யும் வழக்கம் பல இடங்களில் உண்டு. அழகிய பசுங்கூட்டையே மாணவர் தெரிந்தெடுப்பர். அதனுள் முட்டையோ குஞ்சோ இருப்பது கீழிருந்து புலனாகாது. 1972ஆம் ஆண்டு வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தில் வேட்டை என்னும் சொல்லுக்குத் தரப்பட்ட விளக்கத்திலேயே, காட்டுப் பறவைகளின் முட்டையைச் சேதப்படுத்துதலும், முட்டையையோ கூட்டையோ கலைத்தலும் அடங்கும் என்பதை ஆசிரியர் அறிந்திருத்தல் வேண்டும். காற்றில் தானே அறுந்து தரையில் விழுந்த பழுப்புக்கூடே பாடத்துக்குப் போதும். அதனை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்தால் முட்டையறை, குறுக்குக் கட்டு, குழாய், மண்பூச்சு ஆகிய யாவற்றையும் காட்டிவிடலாம்.

அவ்வாறே கிணற்றடிப் பனையையும் குளக்கரைக் கருவேலையும் வெட்ட நேருமிடத்து, மழைக்காலம் கழிந்து குஞ்சுகள் பறந்த பின் வெட்டுமாறு உரியவர்க்கு அறிவுறுத்துதல் களப்பணியாளர் கடமையாகும். அம்மரத்தில் ஒரு பருவத்துக் குடும்பங்கள் பலவும் ஒருங்கே தங்கியிருத்தலின், ஒரு மரத்தின் இழப்பு ஒரு கூட்டின் இழப்போடு நிற்பதன்று.

பயிற்சி வினாக்கள்

1. தலைக்கவச நிலையில் கூடு கட்டுதல் நிறுத்தப்படுவது ஏன்? அந்நிறுத்தம் இன்றி ஆண் முழுக்கூட்டையும் கட்டுமாயின் அதற்கு நேரும் இழப்பு யாது?

2. அரைக்கூடு ஆணின் ஊஞ்சல் என்னும் பழைய கருத்தைச் சோதிக்க எத்தகைய நோக்கீடு வேண்டும்?

3. இருவாட்சி, மயில், இலைக்கோழி, தூக்கணாங்குருவி ஆகிய நான்கிலும் கூடு, அடைகாத்தல், இரையூட்டல் ஆகியவற்றில் ஆணின் பங்கையும் பெண்ணின் பங்கையும் அட்டவணையாக எழுதுக.

4. உங்கள் ஊரிலுள்ள ஒரு குடியிருப்பைத் தெரிந்துகொண்டு, மேலே கூறிய முறைப்படி நான்கு வாரம் பதிவு செய்க. முதல் வாரத்தில் எண்ணிய கூடுகளின் தொகையையும், நான்காம் வாரத்தில் இரையுடன் பெண் நுழையக் கண்ட கூடுகளின் தொகையையும் ஒப்பிட்டு, வேறுபாட்டின் காரணத்தை விளக்குக.